டிக்கெட் வாங்கவும் டொனேஷனா? அமெரிக்கக் கல்லூரி ஸ்டேடியங்களில் நடக்கும் ‘நன்கொடை’ கணக்கு

ஒரு துணிக்கடைக்குப் போறீங்க. சட்டை விலை 500 ரூபாய்னு எழுதியிருக்கு. எடுத்துக்கிட்டு பில் போடப் போனா, கவுன்ட்டர்ல இருப்பவர் சொல்றார்: “சார், சட்டை 500 ரூபாய்தான். ஆனா இந்தச் சட்டையை வாங்குற உரிமை உங்களுக்கு வேணும்னா, முதல்ல எங்க அறக்கட்டளைக்கு ஆயிரம் ரூபாய் நன்கொடை கொடுக்கணும்.”

அப்போ சட்டையின் விலை எவ்வளவு? 500-ஆ, 1,500-ஆ?

பள்ளிக்கூடப் பையனும் 1,500 என்றுதான் சொல்வான். ஆனால், அமெரிக்காவில் இந்த எளிய கேள்விக்குப் பதில் சொல்ல வருமான வரித் துறைக்கும் நாடாளுமன்றத்துக்கும் 30 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அங்கே விற்கப்பட்டது சட்டை இல்லை. கல்லூரி அணிகளின் ஆட்டங்களைப் பார்ப்பதற்கான சீசன் டிக்கெட்.

கட்டாயம் கொடுத்தே ஆகவேண்டிய பணத்துக்கு ‘நன்கொடை’ என்று பெயர் வைப்பதில் என்ன சிக்கல்? பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிடலாமா? விட முடியாது. ஏன் என்று பார்ப்போம்.

முதல்ல, அது எவ்வளவு பெரிய களம்?

கல்லூரி விளையாட்டு என்றதும் நம் மனதில் வருவது, ஸ்போர்ட்ஸ் டே அன்று ஷாமியானா போட்டு நடக்கும் ஓட்டப்பந்தயம். அமெரிக்காவில் கதையே வேறு.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஸ்டேடியத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். சேப்பாக்கத்தில் சுமார் 38,000 பேர்தான். அதாவது, நம் சேப்பாக்கத்தைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். அதுவும் ஒரு பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமானது. ஒஹாயோ ஸ்டேட், பென் ஸ்டேட், டெக்சாஸ் ஏ அண்ட் எம், டென்னசி, லூசியானா ஸ்டேட் என்று ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரக்கூடிய கல்லூரி ஸ்டேடியங்கள் அங்கே இன்னும் இருக்கின்றன.

அங்கே ஆடப்படுவது அமெரிக்கன் ஃபுட்பால். வழக்கமான சீசனில் ஓர் அணிக்கு 12 ஆட்டங்கள். அதில் சொந்த மைதானத்தில் நடப்பது ஆறு முதல் எட்டு வரைதான். ஆண்டுக்கு ஏழெட்டு நாள் மட்டுமே திறக்கும் கடை. வாங்க லட்சம் பேர் தயார். எல்லாருக்கும் நடுக்கோட்டுக்கு அருகே, நல்ல உயரத்தில் சீட் வேண்டும். அப்படிப்பட்ட சீட்டுகளோ கொஞ்சம்தான்.

பல மாநிலங்களில் இது வெறும் விளையாட்டு இல்லை, ஊர்த் திருவிழா. அப்பா உட்கார்ந்த அதே வரிசையில் மகள் உட்காருவார். பக்கத்து சீட் குடும்பத்தோடு 20 ஆண்டு சிநேகம் இருக்கும். ஆட்டம் தொடங்கும் முன் கார் நிறுத்துமிடத்திலேயே அடுப்பு மூட்டி, சமைத்து, எல்லாருக்கும் பரிமாறுவார்கள். ‘டிமாண்ட்’ என்று பொருளாதாரம் சொல்வதன் பின்னால் இந்தப் பாசம்தான் இருக்கிறது. பாசம் இருக்கும் இடத்தில் பேரம் பேச முடியாது. அது விற்பவருக்கு நன்றாகவே தெரியும்.

சிஸ்டம் எப்படி வேலை செய்யுது?

கல்லூரிக்குக் கல்லூரி விதிகள் மாறும். ஆனால், அடிப்படை அமைப்பு பெரும்பாலும் மூன்று அடுக்கு.

ஒன்று, டிக்கெட் விலை. டிக்கெட்டில் அச்சிடப்படும் தொகை இது.

இரண்டு, சீட்டுக்கான நன்கொடை. ஸ்டேடியத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, இந்தப் பகுதியில் சீட் வேண்டுமானால் சீட் ஒன்றுக்கு ஆண்டுக்கு இவ்வளவு நன்கொடை என்று பட்டியல் போட்டிருப்பார்கள். நடுப்பகுதிக்கு அதிகம், ஓரத்துக்குக் குறைவு. சில மூலைகளுக்கு நன்கொடையே இருக்காது. இந்தப் பணத்தை வசூலிப்பது பெரும்பாலும் பல்கலைக்கழகத்தோடு இணைந்த தனி அறக்கட்டளை. ‘பூஸ்டர் கிளப்’ என்பார்கள்.

மூன்று, பாயின்ட்ஸ். இதுவரை மொத்தம் எவ்வளவு கொடுத்தீர்கள், எத்தனை ஆண்டாகக் கொடுக்கிறீர்கள் என்பதையெல்லாம் கூட்டி ஒரு ரேங்க். நல்ல சீட், கார் நிறுத்தும் இடம், வெளியூர் ஆட்டத்துக்கான டிக்கெட் என எல்லாம் இந்த வரிசைப்படிதான்.

ஓர் உதாரணக் கணக்கு போடுவோம். எண்கள் கற்பனை, முறை மட்டும் நிஜம். ஒரு தம்பதிக்கு இரண்டு சீட் வேண்டும். சீசன் டிக்கெட் தலா 500 டாலர்; சீட் நன்கொடை தலா 1,000 டாலர். மொத்தம் 3,000 டாலர். ஏழு ஆட்டங்கள் என்று வைத்தால், ஒருவர் ஓர் ஆட்டம் பார்க்க ஆகும் செலவு சுமார் 214 டாலர். டிக்கெட் விலையை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் சுமார் 71 டாலர். ‘எங்க டிக்கெட் விலை இவ்வளவுதான்’ என்று சொல்லிக்கொள்ள 71 டாலர். பர்ஸிலிருந்து போவதோ 214 டாலர்.

அடுத்த ஆண்டு நன்கொடையை நிறுத்தினால் என்ன ஆகும்? சீட் போய்விடும். 25 ஆண்டு தொடர்ந்து கொடுத்தவராக இருந்தாலும் அதே கதிதான். ஸ்டேடியத்தைப் புதுப்பிக்கும்போது சில இடங்களில் எல்லா சீட்டுகளையும் கலைத்து, பாயின்ட்ஸ் வரிசையில் புதிதாக ஒதுக்குவார்கள். அப்போது பழைய ரசிகர் மேல் வரிசைக்குப் போவார். நேற்று வந்து பெரிய செக் கொடுத்தவர் அவர் இடத்தில் உட்காருவார்.

திருப்பதி போய்வந்தவர்களுக்கு இந்த முறை புதிதில்லை. ஸ்ரீவாணி அறக்கட்டளைக்கு 10,000 ரூபாய் நன்கொடை கொடுத்தால், 500 ரூபாய் பிரேக் தரிசன டிக்கெட் வாங்கும் வாய்ப்பு கிடைக்கும் இல்லையா? ‘நன்கொடை கொடு, வாங்கும் உரிமையைப் பெறு’ என்பதுதான் இரண்டு இடத்திலும் சூத்திரம்.

10 டாலரில் தொடங்கிய கதை

இந்தப் பழக்கம் பேராசையில் பிறந்தது என்று சொல்லிவிட முடியாது.

1934. அமெரிக்கா கடும் பொருளாதார மந்தத்தில் தவித்த காலம். தெற்குக் கரோலினா மாநிலத்தின் கிளெம்சன் கல்லூரியில் அணிக்குப் பணம் திரட்ட ஒரு சங்கம் தொடங்கினார்கள். பெயர் ‘ஐப்டே’. ‘நான் ஆண்டுக்குப் பத்து கொடுக்கிறேன்’ என்று பொருள்படும் ஆங்கில வாக்கியத்தின் முதல் எழுத்துகள் அவை. ஆண்டுக்குப் பத்து டாலர். அன்றைக்கு அது சின்னத் தொகை இல்லை. ஆனால், ஊர் கூடித் தேர் இழுக்கும் மனநிலையில் கொடுத்தார்கள். அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது.

அதில் ஒரு நியாயம் இருந்தது. அணி நம்முடையது, கஷ்டத்தில் இருக்கிறது, கை கொடுப்போம் என்பது உண்மையான நன்கொடை. கொடுக்காதவரை யாரும் வெளியே நிறுத்தவில்லை என்றால், அதற்கு அந்தப் பெயர் பொருந்தும்.

பிறகு டிவி வந்தது. ஸ்டேடியங்கள் வளர்ந்தன. கோச்களின் சம்பளம் ஏறியது. காத்திருப்போர் பட்டியல் நீண்டது. ‘கொடுத்தால் நன்றி’ என்பது மெல்ல ‘கொடுத்தால்தான் சீட்’ என்று மாறியது. பணத்தின் தன்மை தலைகீழாக மாறியும், பெயர் மட்டும் மாறவில்லை.

வரித் துறை கேட்ட கேள்வி

பெயரை மாற்றாததற்கு ஒரு வலுவான காரணம் இருந்தது: வரி.

அமெரிக்காவில் அறப்பணிக்கு நன்கொடை கொடுத்தால், அந்தத் தொகையை வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். நம் ஊர் 80ஜி மாதிரி. ஆனால், ஒரு நிபந்தனை உண்டு. பணம் கொடுத்ததற்குப் பதிலாக ஏதாவது பெற்றுக்கொண்டால், அதன் மதிப்பைக் கழித்துவிட்டு மீதிதான் நன்கொடை. நூறு டாலர் கொடுத்து, அறுபது டாலர் விருந்து சாப்பிட்டால், நன்கொடை நாற்பதுதான்.

1984-ல் அமெரிக்க வருமான வரித் துறை இந்த விதியை ஸ்டேடியம் சீட்டுக்கும் பொருத்திப் பார்த்தது. ‘இந்தப் பணம் கொடுக்காவிட்டால் சீட் கிடைக்காது என்றால், இது சீட் வாங்கும் உரிமைக்கான விலைதானே?’ என்று கேட்டது. நியாயமான கேள்வி. கல்லூரிகள் கொதித்துப்போயின. 1986-ல் வரித் துறை விதியைச் சற்று விளக்கி, மறுபடி வெளியிட்டது. ஆனாலும் அடிப்படைக் கேள்வி அப்படியே நின்றது.

அதே 1986-ல் வந்தது பெரிய வரிச் சீர்திருத்தச் சட்டம். அதற்குள் ஒரு குட்டிப் பிரிவைச் செருகினார்கள். குறிப்பிட்ட சில கல்லூரிகளுக்கு மட்டும் இந்த விதியிலிருந்து விலக்கு. கல்லூரியின் பெயரைச் சட்டத்தில் எழுதவில்லை. 1876-ல் மாநில அரசியல் சட்டத்தில் இடம்பெற்றது, 1881-ல் சட்டமன்றம் நிறுவியது, மாநிலத் தலைநகரில் இருப்பது என்று அங்க அடையாளம் மட்டும் சொன்னார்கள். மச்சம் எங்கே இருக்கிறது என்பது மட்டும்தான் பாக்கி! அந்த அடையாளம் பொருந்தியது ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு. இதே பாணியில் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கும் விலக்கு கிடைத்தது.

இரண்டு கல்லூரிக்குக் கொடுத்தால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? 1988-ல் எல்லாருக்குமே கதவு திறந்தது. சீட் வாங்கும் உரிமைக்காகக் கொடுக்கும் பணத்தில் 80 சதவீதத்தை அறப்பணி நன்கொடையாகவே கணக்கில் காட்டலாம் என்று சட்டம் வந்தது. சீட்டின் உண்மையான மதிப்பு என்ன என்ற கேள்வியே எழாதபடி, கண்ணை மூடிக்கொண்டு 80 சதவீதம்.

அந்தச் சலுகைக்குப் பணம் கட்டியது யார்?

மேலே சொன்ன தம்பதிக்கே வருவோம். நன்கொடை 2,000 டாலர். அதில் 80 சதவீதம், அதாவது 1,600 டாலரை வருமானத்திலிருந்து கழிக்கலாம். அவர்கள் 35 சதவீத வரி அடுக்கில் இருந்தால், மிச்சமாகும் வரி 560 டாலர்.

அந்த 560 டாலர் வானத்திலிருந்து விழவில்லை. அரசுக்கு வரவேண்டிய பணம் அது. ஸ்டேடியம் பக்கமே போகாத நர்ஸும், டிரைவரும், பாத்திரம் கழுவும் தொழிலாளியும் சேர்ந்துதான் அந்த ஓட்டையை அடைக்க வேண்டும்.

இன்னொன்றும் கவனிக்கணும். நன்கொடை விலக்கைத் தனியாகக் கணக்குக் காட்டி எடுப்பவர்கள் பெரும்பாலும் வசதி படைத்தவர்கள். வரி அடுக்கு உயர உயர, சலுகையும் உயரும். ஸ்டேடியத்தின் மிகச் சிறந்த சீட்டில் உட்கார்ந்தவருக்கே மிகப் பெரிய மானியம். மேல் மூலையில், நன்கொடையே இல்லாத சீட்டில் உட்கார்ந்தவருக்கு ஒன்றுமில்லை.

ஒபாமா அரசு தன் பட்ஜெட் முன்மொழிவுகளில் இந்தச் சலுகையை நீக்கச் சொன்னது, நடக்கவில்லை. கடைசியில் 2017 டிசம்பரில், டிரம்ப் கையெழுத்திட்ட வரிச் சட்டம்தான் அதை முற்றிலும் ரத்து செய்தது. பத்து ஆண்டில் அரசுக்குச் சுமார் 200 கோடி டாலர் மிச்சமாகும் என்பது அப்போதைய மதிப்பீடு. இரண்டு எதிரெதிர் கட்சிகளின் அரசுகளும் ஒரே முடிவுக்கு வந்த அபூர்வமான விஷயங்களில் இதுவும் ஒன்று.

சட்டம் 2018 முதல் அமலுக்கு வரும் என்றதும் என்ன நடந்தது தெரியுமா? 2017 டிசம்பர் கடைசி நாள்களில், ‘அடுத்த சில ஆண்டு நன்கொடையை இப்பவே கட்டிடுங்க, வரிச் சலுகை கிடைக்கும்’ என்று பல கல்லூரிகள் ரசிகர்களுக்குக் கடிதம் அனுப்பின. ஆடித் தள்ளுபடியின் கடைசி நாள் மாதிரி.

அதன்பிறகு வரிச் சலுகை போனது. சீட் நன்கொடை போனதா? இல்லை, இன்றும் தொடர்கிறது. அறம் என்ற போர்வை உருவப்பட்ட பின்னும் உள்ளே இருந்தது அசையவில்லை என்றால், அது தொடக்கத்திலிருந்தே விலைதான் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

கொரோனா காட்டிய கண்ணாடி

2020. கொரோனா. பல ஆட்டங்கள் ரத்தாயின. பல ஸ்டேடியங்களில் பொதுமக்களுக்கு அனுமதியே இல்லை. மிச்சிகனும் ஒஹாயோ ஸ்டேட்டும் ஆடும் ‘பிக் டென்’ பிரிவு முதலில் சீசனையே தள்ளிவைத்தது. பிறகு அக்டோபரில் காலி கேலரிகளுக்கு முன்னால் ஆடத் தொடங்கியது.

ஏற்கெனவே கட்டிய பணம் என்னாவது? பல கல்லூரிகள் ரசிகர்களுக்கு மூன்று வழிகளைத் தந்தன. பணத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். அடுத்த ஆண்டுக்கு மாற்றிக்கொள்ளலாம். அல்லது கல்லூரிக்கு நன்கொடையாகவே விட்டுவிடலாம்.

மூன்றாவது வழியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்க. ‘நன்கொடையாக மாற்றிக்கொள்ளலாம்’ என்றால், அதற்கு முன்னால் அது என்னவாக இருந்தது? ஆட்டம் இல்லை, சீட் இல்லை, பதிலுக்கு எதுவுமே இல்லை என்று தெரிந்தும் சிலர் பணத்தை விட்டுக்கொடுத்தார்கள். அதுதான் நன்கொடை. பத்துப் பதினைந்து ஆண்டு தொடர்ந்து ‘நன்கொடை’ கொடுத்தவர்கள், உண்மையிலேயே நன்கொடை கொடுத்தது அந்த ஓர் ஆண்டில்தான்.

“எல்லாம் பிள்ளைகளுக்காகத்தானே?”

எதிர்த்தரப்பு வாதங்களையும் நேர்மையாகக் கேட்போம். அவற்றில் சரக்கு இருக்கிறது.

முதல் வாதம்: பெரும்பாலான கல்லூரிகளில் வருமானம் தருவது ஃபுட்பாலும் ஆண்கள் கூடைப்பந்தும்தான். நீச்சல், தடகளம், ஜிம்னாஸ்டிக்ஸ், பெண்கள் அணிகள் எல்லாம் அந்தப் பணத்தில்தான் ஓடுகின்றன. மாணவர்களின் ஸ்காலர்ஷிப்புக்கும் இந்த நன்கொடை போகிறது. சீட் நன்கொடையை நிறுத்தினால், முதலில் அடிபடுவது ஒலிம்பிக் விளையாட்டுகள்.

உண்மைதான். ஆனால், நல்ல காரியத்துக்குச் செலவாவதால் விலை நன்கொடையாகிவிடாது. ஓட்டல்காரர் லாபத்தில் அன்னதானம் செய்கிறார் என்பதற்காக, நாம் சாப்பிட்ட மசால் தோசைக்குக் கொடுத்த பணம் தர்மக் கணக்கில் சேருமா? அந்தப் புண்ணியம் அவருக்கு, நமக்குத் தோசை.

பணம் எப்போதும் நல்ல காரியத்துக்கே போவதும் இல்லை. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் 2023 நவம்பரில் தன் கோச் ஜிம்போ ஃபிஷரை வேலையிலிருந்து நீக்கியது. ஒப்பந்தப்படி, இனி வேலை செய்யாமல் இருப்பதற்காக அவருக்குத் தரவேண்டிய தொகை 7.5 கோடி டாலருக்கும் மேல். அதன் முதல் தவணைக்கு, ‘ட்வெல்த் மேன் ஃபவுண்டேஷன்’ என்ற பூஸ்டர் அமைப்பிடம் இருந்த, குறிப்பிட்ட நோக்கத்துக்கென்று ஒதுக்கப்படாத நன்கொடைப் பணம் பயன்படும் என்று பல்கலைக்கழகத் தரப்பு அறிவித்தது. ‘பிள்ளைகளின் படிப்புக்காக’ என்று நினைத்து செக் எழுதிய ஒரு ரசிகர் இதைப் படித்தபோது என்ன நினைத்திருப்பார்?

இரண்டாவது வாதம்: பாயின்ட்ஸ் முறை விசுவாசத்தை மதிக்கிறது. எல்லா சீட்டையும் ஏலம் விட்டால் கோடீஸ்வரர்கள் மட்டுமே மிஞ்சுவார்கள். இங்கே, ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்த ஆசிரியருக்கும் ஓர் இடம் இருக்கிறது.

இதிலும் பாதி நியாயம் இருக்கிறது. ஏலத்தைவிட இது மென்மையானது. ஆனால், விசுவாசத்தை அளக்கும் கோல் எது? முக்கியமாக டாலர். தோற்ற சீசனிலும் மழையில் நனைந்துகொண்டு கடைசி நிமிடம்வரை உட்கார்ந்தவருக்கு என்ன பாயின்ட்? விசுவாசத்தை மதிப்பதுதான் நோக்கமென்றால், எத்தனை ஆண்டு வந்தார் என்பதை எண்ணலாம். எவ்வளவு கொடுத்தார் என்று எண்ண வேண்டியதில்லை.

மூன்றாவது வாதம்: டிக்கெட்டைக் குறைந்த விலையில் விட்டால், இடைத்தரகர்கள் வாங்கி அதிக விலைக்கு விற்பார்கள். அந்தப் பணம் பிளாக்கில் போவதைவிடக் கல்லூரிக்கு வரலாமே?

தாராளமாக வரலாம். அதற்கு டிக்கெட் விலையை ஏற்றுங்கள். ‘விலை’ என்று சொல்லியே ஏற்றுங்கள். அதை யாரும் தடுக்கவில்லை.

பெயரில் அப்படி என்னதான் இருக்கு?

‘எப்படியும் அதே 3,000 டாலர்தான் போகப்போகுது, விலைன்னு சொன்னா என்ன, நன்கொடைன்னு சொன்னா என்ன?’ என்று கேட்கலாம்.

தமிழ்நாட்டில் கல்லூரி சீட்டுக்கு அலைந்த குடும்பங்களுக்கு இதற்கு விடை தெரியும். ‘டொனேஷன்’ என்ற சொல்லை நாம் எந்தத் தொனியில் சொல்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். “சீட் கிடைச்சுது, டொனேஷன் அஞ்சு லட்சம்” என்று சொல்லும்போது, தானம் செய்த நிறைவு யார் குரலிலாவது இருந்திருக்கிறதா? கட்டாய நன்கொடை வாங்குவதைத் தடைசெய்ய 1992-லேயே இங்கே தனிச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. படிப்பும் மேட்ச்சும் ஒன்றில்லைதான். படிப்பு அவசியம், மேட்ச் ஆசை. ஆனால், சொல் செய்யும் வேலை ஒன்றுதான்.

அது மூன்று வேலைகளைச் செய்கிறது.

முதலாவது, விலையை மறைக்கிறது. டிக்கெட் 500 டாலர் என்று விளம்பரம் செய்யலாம். உண்மை விலையை இன்னொரு கல்லூரியோடு, சென்ற ஆண்டோடு ஒப்பிட முடியாதபடி ஆகிறது.

இரண்டாவது, வாங்குபவரின் உரிமையைக் குறைக்கிறது. விலை கொடுத்தவர் வாடிக்கையாளர், கேள்வி கேட்கலாம். நன்கொடை கொடுத்தவர் வள்ளல். வள்ளல் கணக்குக் கேட்டால் அசிங்கம். ‘ஏன் என் சீட்டை மாத்தினீங்க?’ என்று கேட்பவருக்கு, ‘உங்கள் தாராள மனதுக்கு நன்றி’ என்று பதில் வரும்.

மூன்றாவதுதான் மிகவும் மோசமானது. உண்மையான நன்கொடையின் மதிப்பைக் கெடுக்கிறது. அதே பல்கலைக்கழகம் நாளை, ஏழை மாணவர் விடுதிக்கோ ஆராய்ச்சிக்கோ நிதி கேட்டு வரும்போது, ‘இதுக்கு எனக்கு என்ன கிடைக்கும்?’ என்று கேட்கத்தான் அந்த ரசிகருக்குப் பழக்கியிருக்கிறார்கள்.

இப்போ ஏன் இதைப் பேசணும்?

ஏனென்றால், இந்தப் பணத்தின் தேவை இனிமேல்தான் கூடப்போகிறது.

பல பத்தாண்டுகளாக, லட்சம் பேர் பார்க்க ஆடிய மாணவர்களுக்கு ஸ்காலர்ஷிப், தங்குமிடம், சாப்பாடு தாண்டிப் பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை. கோச் கோடிகளில் சம்பளம் வாங்குவார். ஆடும் பையன் ‘அமெச்சூர்’. 2021 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்புக்கு எதிராக 9–0 என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. படிப்பு தொடர்பான உதவிகளுக்கு வரம்பு போடக் கூடாது என்றது. அடுத்த மாதமே, வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பர வருமானம் பெறலாம் என்று விதி தளர்ந்தது.

அடுத்து, கிராண்ட் ஹவுஸ் என்ற நீச்சல் வீரரின் பெயரில் நடந்த வழக்கு. 2025 ஜூனில் அதன் சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் தந்தது. முன்னாள் வீரர்களுக்கு 10 ஆண்டுகளில் சுமார் 280 கோடி டாலர் இழப்பீடு. கூடவே, ஒவ்வொரு கல்லூரியும் தன் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம்; 2025–26-ல் அதற்கு உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர்.

வீரர்களுக்கு இது எப்போதோ கிடைத்திருக்க வேண்டிய நியாயம். ஆனால், அந்த 2 கோடி டாலர் எங்கிருந்து வரும்? ரசிகரின் பாக்கெட்டிலிருந்தும்தான்.

இங்கேதான் டென்னசி பல்கலைக்கழகம் ஒரு காரியம் செய்தது. 2024 செப்டம்பரில், அடுத்த சீசன் டிக்கெட்டுகள்மீது 10 சதவீதம் ‘டேலன்ட் ஃபீ’ வசூலிப்போம் என்று அறிவித்தது. ஆடுபவர்களுக்குக் கொடுக்கவே இந்தப் பணம் என்று வெளிப்படையாகச் சொன்னது. ரசிகர்கள் பலருக்குக் கோபம். கோபம் நியாயம்தான், மேலும் 10 சதவீதம் யாருக்குத்தான் இனிக்கும்?

ஆனாலும், இந்த 90 ஆண்டுக் கதையில் எனக்கு மிகவும் நேர்மையாகப் படும் அறிவிப்புகளில் ஒன்று அது. எவ்வளவு, எதற்காக, யாருக்கு என்று மூன்றையும் சொல்லிவிட்டார்கள். ‘ஃபீ’ என்றுதான் சொன்னார்கள். உங்கள் பெருந்தன்மைக்கு நன்றி என்று சொல்லவில்லை. கோபப்படுவதற்குக்கூட, ஒரு விஷயம் அதன் பெயரோடு முன்னால் வந்து நிற்க வேண்டும் இல்லையா?

என்னதான் செய்யலாம்?

பெரிய புரட்சி எதுவும் வேண்டாம். நான்கு மாற்றங்கள் போதும்.

ஒவ்வொரு சீட்டுக்கும் முழு விலையை ஒரே எண்ணாகச் சொல்ல வேண்டும். டிக்கெட், சீட் நன்கொடை, இதர கட்டணம் எல்லாம் சேர்த்து இவ்வளவு என்று.

உண்மையான நன்கொடைக்குத் தனிப் பெட்டி வேண்டும். அதில் பணம் போடுபவருக்கு நல்ல சீட்டோ பார்க்கிங்கோ பாயின்ட்டோ கிடையாது. பெயர்ப் பலகையில் ஒரு வரியும், நன்றிக் கடிதமும் போதும்.

மாணவர்களுக்கும், பெரிய செக் எழுத முடியாத உள்ளூர்க் குடும்பங்களுக்கும் ஒரு பங்கு சீட்டுகளை எந்த முன்நிபந்தனையும் இல்லாமல் ஒதுக்க வேண்டும். மேல் மூலையில் மட்டும் இல்லை, நல்ல இடங்களிலும். இந்த ஸ்டேடியங்களில் பல, அரசுப் பல்கலைக்கழகங்களுக்குச் சொந்தமானவை. அவை கிளப் ஹவுஸ் கிடையாது.

வசூலான பணம் எங்கே போனது என்பதை ஆண்டுதோறும் சாதாரண ரசிகருக்குப் புரியும்படி வெளியிட வேண்டும். ஸ்காலர்ஷிப்புக்கு எவ்வளவு, நீச்சல் அணிக்கு எவ்வளவு, நீக்கப்பட்ட கோச்சுக்கு எவ்வளவு என்று.

இதனால் டிக்கெட் மலிவாகிவிடுமா? ஆகாது. நல்ல அணியின் நல்ல சீட் என்றைக்கும் விலை அதிகமாகத்தான் இருக்கும். சிலரால் வாங்க முடியாமலும் போகும். அந்த வருத்தத்தை எந்தச் சீர்திருத்தமும் முழுசாகத் தீர்க்காது. ஆனால், தன்னால் வாங்க முடியாத விலை இது என்று ஒருவருக்குத் தெரிவது வேறு. 20 ஆண்டு கைதட்டிய பிறகு, நீ போதுமான அளவு தாராளமாக இல்லை என்று கேட்க நேர்வது வேறு. முன்னதில் பணம்தான் குறைகிறது. பின்னதில் மனுஷனின் மரியாதை குறைகிறது.

கொடுக்க மறுக்கும் உரிமை எனக்கு இருந்தால் மட்டுமே நான் கொடுப்பது கொடை. மறுத்தால் என் நாற்காலி இன்னொருவருக்குப் போகும் என்றால், அது வாடகை. வாடகை வாங்குவதில் தப்பில்லை. ரசீதில் ‘வாடகை’ என்றே எழுதிக் கொடுங்கள்.